சட்டம் வருமுன் ஆசிரியர் வரவேண்டும்

(பெற்றோரும் ஆசிரியரும் கூடிய பொதுக்கூட்டமொன்றிலே சட்டத்தரணி ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



கைத்தொலைபேசி, கணினி, இணையம், கேட்டவுடன் கட்டுரை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு ஆகியன இன்று நம் பிள்ளைகளின் கைக்கு வந்துவிட்டன. இவற்றை நன்னெறியோடும் பொறுப்போடும் கையாளும் வகையை வகுப்பறையிலே கற்பிக்க வேண்டுமா, கற்பிப்பதாயின் எவ்வாறு கற்பிப்பது என்பதே இன்று நம்முன் உள்ள வினா. நான் ஆசிரியனல்லன், நீதிமன்றத்திலே வழக்குரைப்பவன். ஆகவே இவ்வினாவை ஒரு சட்டத்தரணியின் கண்கொண்டே நோக்குகின்றேன். அவ்வாறு நோக்கும்பொழுது எனக்குத் தெளிவாகத் தெரிவது இது: சட்டம் எப்பொழுதும் தீங்கு நேர்ந்த பின்னரே வருகின்றது. தீங்கு நேருமுன் வரக்கூடியவர்கள் பெற்றோரும் ஆசிரியருமேயாவர்.

இது வெறும் அச்சமூட்டும் பேச்சன்று. நம் நாட்டிலே நடந்ததை எண்ணிப் பாருங்கள். 2018 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவுச்சாலையிலே, மலடாக்கும் மாத்திரை உணவோடு கலக்கப்படுகின்றது என்றொரு கட்டுக்கதை கிளம்பியது. கடைக்காரரை மிரட்டிக் கேட்ட கேள்வியும் அவர் தடுமாறிச் சொன்ன விடையும் காணொளியாகி நாடெங்கும் பரவின. கடை தாக்கப்பட்டது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. அரசாங்கப் பகுப்பாய்வாளர் பரிசோதித்தபொழுது, உணவிலே இருந்தது வெறும் மாக்கட்டி என்பது தெரியவந்தது. ஆயினும் பொய் ஓடிய வேகத்திலே உண்மை ஓடவில்லை. அடுத்த மாதமே கண்டி மாவட்டத்துத் திகன, தெல்தெனிய முதலிய இடங்களிலே வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. அங்கே சாரதி ஒருவர் தாக்கப்பட்டு இறந்த துயரம் ஒன்று இருந்தது உண்மை. அந்தத் துயரத்தை இனப்பகையாக ஊதிப் பெருக்கியவை கைக்குக் கை மாறிய செய்திகளும் படங்களுமே. மார்ச் 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனஞ் செய்யப்பட்டது. மறுநாள் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. ஈராண்டு கழித்து, 2020 மே மாதத்திலே, முகநூல் நிறுவனம் தன் தளம் அந்த வன்முறைக்கு உதவியதையிட்டு மன்னிப்புக் கோரியது. எரிந்த கடைகளுக்கு அந்த மன்னிப்பினால் ஆகப்போவது யாது?

அச்செய்திகளைப் பிறருக்கு அனுப்பியவர்கள் யார்? அவர்களிலே பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். இந்நாட்டின் இலவசக் கல்வியைப் பெற்றவர்கள். 1945 முதல் ஏழை எளியவரின் பிள்ளைகளுக்கும் கல்விக் கதவைத் திறந்துவிட்ட நாடு இது. அதையிட்டு நாம் பெருமைப்படுகின்றோம். ஆனால் நம் பாடசாலைகள் எழுத்தை வாசிக்கக் கற்பித்த அளவுக்கு எழுத்தை ஐயுறக் கற்பிக்கவில்லை. அச்சிலே வந்தது உண்மை, ஆசிரியர் சொன்னது உண்மை, பரீட்சைத் தாளிலே எழுதியது உண்மை என்று பழகிய உள்ளம், திரையிலே தெரிவதையும் உண்மையென்றே கொள்கின்றது.

இக்குற்றத்துக்குத் தமிழர் விலக்கானவர் என்று எவரும் எண்ண வேண்டாம். நம் ஊர்களிலே ஒரு பெண்பிள்ளையின் பெயரைக் கெடுக்க இன்று எவரும் அவள் வீட்டு வாசலுக்குப் போக வேண்டியதில்லை. ஒரு படமும் அதன் கீழே இரண்டு வரியும் போதும். அதை ஆக்கியவன் ஒருவன், அனுப்பியவர்கள் நூற்றுவர். "நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்" என்று அந்த நூற்றுவரும் கூறுவர். அக்கூற்று மனச்சாட்சியின் முன்னும் நில்லாது. நீதிமன்றத்தின் முன்னும் எப்பொழுதும் நில்லாது.

இனி மற்றைய ஆபத்தைக் காண்போம். வதந்தி நாட்டிலே தீ மூட்டும்போதெல்லாம், அதை அணைப்பதாகக் கூறிக்கொண்டு அரசாங்கம் வாய்ப்பூட்டோடு வருகின்றது. 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று நடந்த கொடூரக் குண்டுவெடிப்புக்களின் பின்னரும் சமூக வலைத்தளங்கள் அன்றே முடக்கப்பட்டன. 2024 ஜனவரி 24 ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்திலே 108 வாக்குகளால் நிறைவேற்றப்பட்டது. எதிர்த்தவர் 62 பேர். பெண்களையும் பிள்ளைகளையும் காப்பதற்கென்று அதற்குக் காரணம் கூறப்பட்டது. ஆனால் எந்தக் கூற்று பொய்யானது, எதை நீக்க வேண்டும் என்று ஆராயும் அதிகாரத்தை, அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரத்தோடு ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழுவிடம் அச்சட்டம் ஒப்படைத்தது. 2020, 2021 ஆம் ஆண்டுகளிலே, முகநூலிலே இட்ட பதிவுகளுக்காகத் தமிழ் இளைஞர் பலர் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்க் கைதானதை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

வதந்தி ஒருபுறம், வாய்ப்பூட்டு மறுபுறம். இவ்விரண்டுக்கும் நடுவிலே நம் பிள்ளை நிற்கின்றான். தன் நாவைத் தானே காக்கத் தெரியாத மக்களுக்கு, அதைக் காப்பதாகச் சொல்லி வரும் எசமானர்கள் ஒருகாலும் குறைவதில்லை. ஆகவே பொறுப்போடு பேசக் கற்பிக்கும் பாடம் நம் பேச்சுரிமையைக் காக்கும் அரணுமாகும். இதை ஒழுக்கப் போதனை என்று மாத்திரம் எண்ணி ஒதுக்கிவிட வேண்டாம்.

பெற்றோர்களே, சட்டம் உங்கள் பிள்ளையை எந்த வயதிலே தொடுகின்றது என்பதை அறிவீர்களா? 2018 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தத்தின்படி, 12 வயதுக்குக் குறைந்த பிள்ளைமீது குற்றப் பொறுப்பு இல்லை. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பிள்ளையின் மனமுதிர்ச்சியை நீதவான் ஆராய்ந்து முடிவுசெய்வார். 14 வயது நிறைந்த பிள்ளைக்கு அந்தப் பாதுகாப்பும் இல்லை. 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், அதிகாரமின்றிப் பிறருடைய கணினிக்குள்ளோ அதிலுள்ள தகவலுக்குள்ளோ வேண்டுமென்றே புகுவதற்கு ஐந்தாண்டு வரை சிறையும், ஓரிலட்சம் ரூபா வரை தண்டமும் விதிக்க இடங்கொடுக்கின்றது. 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பரப்புவதும் தண்டனைச் சட்டக்கோவையின்படி பாரதூரமான குற்றங்கள். அதை அனுப்பியவனும் அதே வகுப்பிலே படிக்கும் பையனாயிருந்தால்? தோழனின் கடவுச்சொல்லைத் திருடுவதும் தோழியின் படத்தைப் பகிர்வதும் அவனுக்கு விளையாட்டு; சட்டத்துக்கு அவை குற்றம். இதை அவன் முதன்முதலாகப் பொலிஸ் நிலையத்திலே அறிய நேர்ந்தால், அவனுக்குப் பத்தாண்டு பாடஞ் சொன்ன நாம் எதைத்தான் சொல்லிக்கொடுத்தோம்?

அவ்வாறாயின் கைத்தொலைபேசியை முற்றாகத் தடைசெய்துவிட்டால் என்ன என்று சிலர் கேட்கின்றனர். கேட்பதிலே நியாயம் உண்டு. பிரான்சு தேசம் 2018 இலே சட்டம் இயற்றி, ஆரம்ப, இடைநிலைப் பாடசாலைகளிலே அதைத் தடைசெய்தது. அவுஸ்திரேலியாவிலே 16 வயதுக்குட்பட்டோர் சமூக வலைத்தளங்களிலே கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் 2025 டிசெம்பர் 10 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்திலே போற்றத்தக்க அம்சம் ஒன்று உண்டு. தண்டம் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ அன்று. தடுக்கத் தவறும் நிறுவனத்துக்கே 49.5 மில்லியன் அவுஸ்திரேலிய டொலர் வரை தண்டம் விதிக்கலாம். பாடவேளையிலே கைத்தொலைபேசியை விலக்கி வைப்பதை நானும் ஆதரிக்கின்றேன். பாடத்திலே மனம் ஊன்ற அது வேண்டும். ஆனால் தடை என்பது வேலி. பிள்ளை பதினாறு வயதிலோ பதினெட்டு வயதிலோ வேலியைத் தாண்டி வெளியே போகத்தான் போகின்றான். போகும்பொழுது அவனோடு கூடப் போவது வேலியன்று, அறிவுதான்.

பின்லாந்து தேசத்தார் இவ்வறிவை எவ்வாறு ஊட்டுகின்றனர் என்பதைக் கேளுங்கள். 2014 இலே வகுத்து 2016 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த கலைத்திட்டத்திலே, எழுத்து, படம், எண், ஒலி ஆகிய எவ்வகைச் செய்தியையும் ஆராய்ந்தறியும் ஆற்றலை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவாக வைத்தனர். கணித வகுப்பிலே, புள்ளிவிபரத்தைக் கொண்டு எப்படிப் பொய் சொல்லலாம் என்பதை மாணாக்கர் காண்கின்றனர். சித்திர வகுப்பிலே, படத்தின் பொருளை எவ்வாறு திரிக்கலாம் என்று பார்க்கின்றனர். சரித்திர வகுப்பிலே பிரசாரத்தையும், மொழி வகுப்பிலே சொற்கள் ஏமாற்றும் விதத்தையும் ஆராய்கின்றனர். தனிப் பாடமும் தனிப் பரீட்சையும் வைத்தால் நம் நாட்டிலே என்ன நடக்கும்? ஒரு மாதத்திலே அதற்கும் தனியார் வகுப்புத் தொடங்கிவிடும். விடைகளை மனனஞ்செய்து "ஏ" சித்தி பெற்ற பிள்ளை, அன்று மாலையே வதந்தியை அனுப்பிக்கொண்டிருப்பான்! எனவே பின்லாந்தின் வழியே நமக்கும் ஏற்றது.

வகுப்பறையிலே எதைக் கற்பிப்பது? மூன்று பாடங்களை உங்கள் முன் வைக்கின்றேன்.

முதலாவது, சான்று. 1895 ஆம் ஆண்டிலே இயற்றப்பட்ட சான்றுக் கட்டளைச் சட்டம் இந்நாட்டு நீதிமன்றங்களிலே ஆட்சி செலுத்துகின்றது. கண்ணாற் காணக்கூடிய சம்பவமாயின், அதைக் கண்டேன் என்பவனே சாட்சி கூற வேண்டும். காதாற் கேட்கக்கூடியதாயின், கேட்டேன் என்பவனே கூற வேண்டும் என்பது அதன் 60 ஆம் பிரிவு வகுத்த விதி. ஊரார் சொன்னதை ஒருவன் வந்து சொல்வதை நீதிபதி பொதுவாக ஏற்பதில்லை. இந்த விதியை எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்க ஒரு பாடவேளை போதும். "இதைக் கண்டவர் யார்? எங்கே, எப்பொழுது கண்டார்? இப்படம் இந்த ஊரிலே, இந்த ஆண்டிலே எடுக்கப்பட்டதா? இதை நான் நம்புவதால் இலாபம் அடைபவர் யார்?" இக்கேள்விகளைக் கேட்டபின் அனுப்பலாம் என்றால், வரும் செய்திகளிலே எத்தனை மிஞ்சும்?

இரண்டாவது, பிறர் மானம். ஒருவருடைய படம் அவருக்கு உரியது. அவருடைய சம்மதமின்றி அதை ஊருக்குக் காட்டலாகாது. இப்பாடத்தை மாணாக்கருக்குச் சொல்லுமுன் பெரியவர்களாகிய நாம் படிக்க வேண்டியிருக்கின்றது. புலமைப்பரிசிற் பரீட்சையிலே சித்தியெய்திய பத்து வயதுப் பிள்ளையின் முகத்தையும் புள்ளியையும் மதிலிலும் முகநூலிலும் விளம்பரஞ் செய்கின்றோம். சித்தியெய்தாத பிள்ளை அதைப் பார்த்துக்கொண்டே பாடசாலைக்கு நடக்கின்றது. தந்தையை இழந்த பிள்ளைக்கு ஒரு துவிச்சக்கர வண்டியோ சில அப்பியாசப் புத்தகங்களோ கொடுக்க வருகின்றனர். கொடுப்பவர் பத்துப்பேர் சுற்றி நிற்க, வாங்கும் பிள்ளையின் வறுமையைப் படம்பிடித்து உலகெங்கும் அனுப்புகின்றனர். தருமம் நல்லதுதான். ஆனால் அந்தப் பிள்ளையிடம் யார் சம்மதம் கேட்டார்கள்? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியபொழுது, சிறுவர் பற்றிய தகவலை விசேட காப்புக்குரிய வகையிலே பாராளுமன்றம் சேர்த்தது. பிள்ளையின் மானம் பொருட்படுத்த வேண்டியது என்பதைச் சட்டமே ஏற்றுக்கொண்டது. நாம்தான் இன்னும் ஏற்கவில்லை.

மூன்றாவது, சொந்த உழைப்பு. செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த கட்டுரையைத் தன் கட்டுரையென்று கொடுக்கும் மாணாக்கன் ஆசிரியரை ஏமாற்றுவது சிறிது. தன்னை ஏமாற்றுவதே பெரிது. என் தொழிலிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கின்றேன். 2023 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரத்துச் சட்டத்தரணிகள் சிலர், விமான நிறுவனமொன்றுக்கு எதிரான வழக்கிலே, சட்ஜிபிடி தந்த முற்றீர்ப்புக்களை நீதிமன்றத்துக்குக் காட்டினர். அவற்றிலே ஆறு, உலகத்தில் எந்த நீதிமன்றத்திலும் வழங்கப்படாத தீர்ப்புக்கள், இயந்திரம் புனைந்தவை. நீதிபதி அவர்களுக்கு 5,000 அமெரிக்க டொலர் தண்டம் விதித்தார். இயந்திரத்தைப் பயன்படுத்தியது அவர்களின் குற்றமன்று. அது சொன்னதைச் சரிபார்க்காமல், தம் பெயரை அதன்கீழ் இட்டதே குற்றம். படித்துப் பட்டம்பெற்ற வழக்கறிஞரே ஏமாறும்பொழுது, பதின்மூன்று வயதுப் பிள்ளையைத் தனியே விடலாமா? பொருந்திய சொற்களை அடுக்கும் ஆற்றல் அந்த இயந்திரத்துக்கு உண்டு. தான் சொன்னதற்குப் பொறுப்பேற்கும் ஆற்றல் இல்லை. அப்பொறுப்பு கையொப்பமிடும் மனிதனுடையது. இந்த ஒன்றை மாணாக்கன் விளங்கிக்கொண்டால், இயந்திரத்தை அவன் அகராதியைப்போலப் பயன்படுத்தட்டும், தடையில்லை.

ஆசிரியர்கள் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்கக்கூடும். "கணினியே இல்லாத பாடசாலையிலே இவற்றை எப்படிக் கற்பிப்பது?" என்பர். கொரோனா நோயினால் பாடசாலைகள் மூடப்பட்டிருந்த 2021 ஆம் ஆண்டிலே, பதுளை மாவட்டத்துப் பொகிட்டியாவ என்னும் சிற்றூரின் மாணாக்கர், தொலைபேசி அலை தேடிக் காட்டுவழியே மூன்று கிலோமீற்றருக்கு மேல் நடந்து மலைப்பாறையிலே இருந்து படித்தனர். இத்தகைய ஏற்றத்தாழ்வு நீங்க வேண்டும். அதற்காக நாம் போராடத்தான் வேண்டும். ஆனால் நான் கூறிய மூன்று பாடங்களுக்கும் கணினி வேண்டியதில்லை. ஒரு கரும்பலகையும், அந்த வாரத்திலே ஊரிலே பரவிய ஒரு வதந்தியும் போதும்! "இது எப்படிக் கிளம்பியது? எவர் வாய்வழியே வந்தது? யாருக்கு நட்டம் விளைந்தது?" என்று பிள்ளைகளே ஆராயட்டும்.

இப்பாடங்கள் தமிழிலே கற்பிக்கப்பட வேண்டும் என்பதையும் வலியுறுத்துகின்றேன். 2018 இலே பகைமைப் பதிவுகள் நீக்கப்படாமற் போனதற்கு ஒரு காரணம், சிங்கள மொழியறிந்து அவற்றைப் பரிசீலிக்கப் போதிய ஆட்களை முகநூல் நிறுவனம் வைத்திராமையே. சிறிய மொழிகளைப் பேசும் மக்களுக்குப் பெரிய நிறுவனங்கள் காவலிருக்கமாட்டா. தமிழ்ப் பிள்ளைக்கு வரும் பொய் தமிழிலே வருகின்றது. அதை இனங்காணும் அறிவும் தமிழிலேயே வரவேண்டும். வேறு மொழியிலே எழுதி, ஈராண்டு கழித்து அரைகுறையாக மொழிபெயர்த்து அனுப்பும் நூல் இதற்குப் பயன்படாது. நம் ஆசிரியர்களே நம் ஊர் உதாரணங்களோடு இதை எழுத வேண்டும். இது நம்மால் ஆகாத காரியமா? 1847 இலே யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கான நூல்களைத் தமிழாக்கினார். ஆறுமுக நாவலர் 1849 இலே வண்ணார்பண்ணையிலே அச்சியந்திரசாலை நிறுவிப் பாடசாலைப் பிள்ளைகளுக்குப் பாலபாட நூல்களை அச்சிட்டார். அன்று அச்சு இயந்திரமும் புதுமையே. அதைக் கண்டு நம் முன்னோர் அஞ்சவுமில்லை, மயங்கவுமில்லை. தம் மொழியிலே அதை வசப்படுத்தினர்.

கமக்காரப் பெருமக்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. யாழ்ப்பாணக் குடாநாட்டிலே ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. சுண்ணாம்புக் கல்லினூடே ஊறித் தேங்கிய நீரே நம் கிணறுகளிலே பெரும்பாலானவற்றுக்கு முதல். ஒருவர் தம் வெங்காயத் தோட்டத்துக்கு அளவுக்கு மிஞ்சி இட்ட யூரியா, நைத்திரேற்றாகி நிலத்தின்கீழ் இறங்கி, அயலவரின் குடிகிணற்றிலே சேர்கின்றது. "என் காணியிலே நான் இட்டேன், உனக்கென்ன?" என்று அவர் சொல்ல முடியுமா? மக்களின் கருத்தும் அப்படிப்பட்ட பொதுக் கிணறுதான். என் தொலைபேசியிலே நான் அனுப்பும் பொய், அயலவரின் வீட்டிலே நஞ்சாகின்றது. இதை உங்களைவிட நன்றாகப் பிள்ளைக்குச் சொல்லக்கூடியவர் யார்? இராப்போசன வேளையிலே நீங்களே தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு இதைச் சொல்லுங்கள், அவன் கேட்பான்.

முடிவாக, இக்கூட்டம் கலையுமுன் மூன்று தீர்மானங்களை எடுக்கும்படி வேண்டுகின்றேன். ஒவ்வொரு பாடசாலையிலும், ஒவ்வொரு தவணையிலும், நான் கூறிய மூன்று பாடங்களும் ஒரு தடவையாவது நடைபெற வேண்டும். பிள்ளைகளின் படங்களைப் பெற்றோரினதும் பிள்ளையினதும் சம்மதமின்றி எந்தப் பாடசாலையும், எந்தத் தரும தாபனமும் வெளியிடலாகாது என்று பெற்றோர் சங்கங்கள் விதி செய்ய வேண்டும். கல்வியமைச்சு பரிந்துரைக்கும் எந்தச் செயலியும் பிள்ளையிடமிருந்து எதைத் திரட்டுகின்றது, யாருக்குக் கொடுக்கின்றது என்பதை எழுத்திலே கேட்டறிய வேண்டும். நோய்க்காலத்திலே 49 நாடுகளின் அரசாங்கங்கள் பரிந்துரைத்த கல்விச் சாதனங்களை மனித உரிமைகள் கண்காணிப்பகம் ஆராய்ந்து 2022 இலே அறிக்கை வெளியிட்டது. அவற்றிலே பத்துக்கு ஏறக்குறைய ஒன்பது, பிள்ளைகளின் தகவலைக் கையாண்ட விதத்தினால் அவர்களின் உரிமைகளை மீறின அல்லது ஆபத்துக்குள்ளாக்கின என்பதே அதன் முடிவு. அரசாங்கம் சொன்னது என்பதற்காக எதையும் ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. கொழும்பின் அனுமதியும் தேவையில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையிலே வகுப்பறைக்குள் நுழையும் ஓர் ஆசிரியர் மனம்வைத்தால் இப்பணி தொடங்கிவிடும். தண்டிக்கும் கை நம் பிள்ளைகளைத் தேடி வருமுன், கற்பிக்கும் கை அவர்களைச் சென்றடையட்டும்.